டிக்கியில் பொங்கல் பானை வைக்க இடம் இருக்கிறதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். மெல்போர்னில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டுத் திருநகருக்குத் திரும்பியிருக்கிறீர்கள். அங்கே சுபாரு அவுட்பேக் ஸ்டேஷன் வேகன், அதாவது கூரை பின்கதவு வரை நீண்டு டிக்கியும் உள்ளறையும் ஒன்றாக இருக்கும் கார், வைத்திருந்தீர்கள். அதைப் போல நடைமுறைக்கு ஒத்துவருகிற, நம்பி ஓட்டக்கூடிய குடும்ப வண்டி இங்கே எது என்று கேட்கிறீர்கள். வீட்டில் ஆறு பேர்: நீங்கள், மனைவி, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், அப்பா, முழங்கால் வலியுள்ள அம்மா. மாதம் 900 கிலோமீட்டர் ஓடும். அதில் பாதி, மாதம் இருமுறை கோவில்பட்டியில் உள்ள மனைவியின் வீட்டுக்குப் போய்வருவது. ஆண்டுக்கு ஒருமுறை சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயில், ஒருமுறை கொடைக்கானல். கையில் இருப்பது 13 இலட்சம்.

இருபத்துநான்கு ஆண்டுகளாக மதுரையில் வண்டிப் பட்டறை நடத்துகிறேன். எந்த வண்டியையும் விற்பவன் அல்லன். விற்ற வண்டி மூன்றாம் ஆண்டிலும் எட்டாம் ஆண்டிலும் என்ன நிலையில் வந்து நிற்கிறது என்று பார்ப்பவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

நீங்கள் தேடுகிற ஸ்டேஷன் வேகன், சாதாரணக் குடும்பத்துக்கு எட்டும் விலையில், இன்று இங்குள்ள எந்த ஷோரூமிலும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1992-இல் டாடா எஸ்டேட் வந்தது. பிறகு மாருதி பலேனோ ஆல்டுரா, 2004-இல் டாடா இண்டிகோ மரீனா வந்தன. ஓப்பல் கோர்சா ஸ்விங், ஸ்கோடா ஆக்டேவியா காம்பி என்று இன்னும் சில வந்து போயின. எல்லாமே நல்ல யோசனைகள்; எதுவுமே நிலைக்கவில்லை. கார் என்றால் பின்னால் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நம் மக்கள் நினைத்த காலம் அது. பின்பக்கம் கூரை வரை பெட்டியாக இருந்தால் அதை வேன் என்றார்கள், சிலர் ஆம்புலன்ஸ் என்றே சொன்னார்கள். 2006-இல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு வரிச் சலுகை வந்ததும் நீளமான வண்டியைச் செய்து விற்க நிறுவனங்களுக்கு இருந்த ஆர்வமும் குறைந்துபோனது. பழைய மரீனாவோ ஆல்டுராவோ நல்ல நிலையில் கண்ணில் பட்டால் ஆசைப்பட வேண்டாம். கண்ணாடியும் பின்கதவும் பின்விளக்கும் கிடைக்காமல் வண்டி மாதக்கணக்கில் பட்டறையில் நிற்கும்.

வேகனின் இடத்தை நம் ஊரில் ஏழு இருக்கை வண்டிகள் பிடித்துக்கொண்டன. 2000-இல் டொயோட்டா குவாலிஸ், 2005-இல் டொயோட்டா இன்னோவா, 2012-இல் மாருதி எர்டிகா. இவற்றில் ஒன்றைத்தான் நீங்கள் வாங்கப்போகிறீர்கள். ஆனால் எப்படிப் பார்த்து வாங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஏழு பேர் வண்டி என்று வாங்காதீர்கள். பெரிய டிக்கியுள்ள ஐந்து பேர் வண்டி, அவசரத்துக்கு இரண்டு இருக்கை கூடுதலாக விரியும் என்று வாங்குங்கள். மூன்றாம் வரிசையை மடித்துப் போட்ட எர்டிகாதான் நம் ஊர் ஸ்டேஷன் வேகன்.

கணக்கைப் பாருங்கள். எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் டிக்கி 209 லிட்டர். இரண்டு நடுத்தரப் பைகள் வைத்தால் முடிந்தது. மூன்றாம் வரிசையை மடித்தால் 550 லிட்டர். நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய செடான் காரின் டிக்கி சுமார் 380 லிட்டர்தான் இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த 550 எவ்வளவு பெரிது என்று புரியும். கியா கேரன்ஸில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது 216 லிட்டர். ரெனோ டிரைபரில் 84, அதாவது ஒரு பள்ளிப் பையும் தண்ணீர் கேனும். அதே டிரைபரின் மூன்றாம் வரிசை இருக்கைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர் கிடைக்கும். ஏழு பேரும் அவர்களுடைய பைகளும் ஒரே நேரத்தில் போகிற வண்டி 13 இலட்சத்தில் கிடையாது. விளம்பரப் படத்தில் ஏழு பேர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் படத்தில் பைகள் எங்கே என்று தேடிப் பாருங்கள்.

உங்கள் பயணங்களைப் பிரித்துப் பார்த்தால் விடை தானாக வருகிறது. கோவில்பட்டிக்குப் போவது ஆண்டுக்கு இருபத்துநான்கு முறை. பெரும்பாலும் நீங்கள் நால்வர்தான் போவீர்கள். போகும்போது பிள்ளைகளின் துணிமணி, வரும்போது மாமியார் கொடுத்தனுப்புகிற அரிசி, கருப்பட்டி, முறுக்கு டின். மூன்றாம் வரிசையை மடித்தே வைத்திருந்தால் எல்லாம் அடங்கும். ஆறு பேரும் சேர்ந்து போவது ஆண்டில் சில முறைதான். எர்டிகாவின் மூன்றாம் வரிசை பாதிப் பாதியாக மடிகிறது. ஒரு பாதியை நிமிர்த்தி ஒருவரை உட்கார வைத்துவிட்டு, மறு பாதியில் சாமான் வைக்கலாம். இருபத்துநான்கு பயணத்துக்கு வண்டியை வாங்குங்கள். மீதியுள்ள சில பயணங்களுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சித்தப்பா குடும்பமும் சேர்ந்து வருகிற ஆண்டில் ஒரு நாளைக்கு வேன் வாடகைக்குப் பிடிப்பது, பெரிய வண்டிக்குப் பல இலட்சம் கூடுதலாகக் கொடுத்து ஆண்டு முழுவதும் காலியாக ஓட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

இனி உங்கள் அம்மாவைப் பற்றி. கேள்வியில் முழங்கால் வலியை ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் முதன்மையானதாகப் பட்டது.

பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் உயரமான, ஜீப் மாதிரியான வண்டி ஒன்று இருந்தது. ஊரில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். என் அம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. சிவராத்திரிக்குக் கோயிலுக்குப் போனபோது ஏறுவதற்கு ஒரு மர ஸ்டூல் எடுத்துப் போனோம். அங்கே நள்ளிரவுப் பூசை முடிந்து, கூட்டத்தில் ஸ்டூலை யாரோ பானை இறக்கிவைக்க எடுத்துப் போய்விட்டார்கள். அம்மா வண்டிக்குள் ஏற முடியாமல், கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நின்றுகொண்டிருந்தார், யாரையும் கூப்பிடவில்லை. நான் வந்து பார்க்கிறபோது கால் மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு, "நான் வீட்டிலேயே இருந்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். கால் வலி என்று சொன்னார். காரணம் வண்டி என்று எனக்குத் தெரியும். அந்த ஆண்டே அதை விற்றேன்.

அதனால் அம்மாவை அழைத்துப் போகாமல் வண்டியை முடிவு செய்யாதீர்கள். இருக்கையின் விளிம்பு அவருடைய தொடை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் முதுகைத் திருப்பி அப்படியே உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். செடான் காரில் குழிக்குள் இறங்குவது போல இறங்க வேண்டும், எழும்போது முழங்காலில் எடை விழும். சேஸி என்கிற தனி இரும்புச் சட்டத்தின் மேல் கட்டிய உயரமான வண்டிகளில் மலை ஏறுவது போல ஏற வேண்டும். எர்டிகா, கேரன்ஸ், டிரைபர் மூன்றும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. இன்னோவா கிரிஸ்டா சேஸி மேல் கட்டிய வண்டி, தரை உயரம். இன்னோவா ஹைகிராஸ் அப்படி இல்லை, தரை தாழ்வு. விலைதான் உங்கள் கணக்குக்கு வெளியே போகிறது.

யார் எங்கே உட்காருவது என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். மகனுடைய குழந்தை இருக்கையை நடு வரிசையில் ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்துங்கள். இடது பக்கக் கதவோரம் அம்மாவுக்கு. நம் ஊரில் சாலையோரம் நிறுத்தினால் இடது பக்கமாக இறங்குவதுதான் பாதுகாப்பு. மூன்றாம் வரிசைக்குப் போகிறவரும் அந்தப் பக்கமாகவே போகலாம். முன் இருக்கை அப்பாவுக்கு. நடு வரிசையில் தனித்தனியாக இரண்டே இருக்கை வைத்த வண்டிகளும் உண்டு. மாருதி எக்ஸ்எல்6 அந்த மாதிரி. உட்கார மிகவும் வசதி. ஆனால் உங்கள் வீட்டில் நடு வரிசைக்கு மூன்று பேர் தேவைப்படுகிறார்கள். வேண்டாம்.

மலை ஏற்றத்துக்கு வருகிறேன். பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் மைலேஜ் கேட்பார்கள், இதைக் கேட்க மாட்டார்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி, இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கிறது. மேலே காற்று மெலிந்துபோவதுதான் காரணம். கீழே வத்தலக்குண்டில் 103 குதிரைத்திறன் தருகிற எர்டிகா, மேலே போகும்போது 80 சொச்சம்தான் தரும். 72 குதிரைத்திறனும் 96 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் உள்ள டிரைபர் 57-க்கு இறங்கிவிடும். ஆறு பேர், ஏசி, டிக்கியில் சாமான். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று மறுபடி கிளம்பும்போது முதல் கியரில் கிளட்சை எரித்துத்தான் நகர்த்த வேண்டியிருக்கும். டிரைபர் மோசமான வண்டி என்று சொல்லவில்லை. நால்வர் உள்ள வீட்டுக்கு, ஊருக்குள் ஓட்ட, அந்த விலைக்கு அதைவிட இடவசதியான வண்டி இல்லை. நீளம் நான்கு மீட்டருக்குள், இன்ஜின் 999 சிசி என்பதால் 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டிதான்; 1,462 சிசி இன்ஜின் உள்ள எர்டிகாவுக்கு 40 சதவீதம். ஆனால் ஆறு பேரோடு கொடைக்கானல் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே.

இந்த வண்டிகளில் இன்ஜின் ஓட்டுவது முன் சக்கரங்களை. பின்னால் ஆளும் சாமானும் நிறைந்து, ஏற்றத்தில் எடை பின்பக்கம் சரியும்போது முன் சக்கரத்தின் பிடி குறைகிறது. மழையில் வளைவின் உட்பக்கம் ஒட்டித் திருப்பினால் சக்கரம் வழுக்கிச் சுற்றும். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிட்டு, எதிரே வண்டி இல்லை என்று பார்த்துச் சற்று அகலமாகத் திருப்புங்கள். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து, காமக்காபட்டிக்கு வரும்போது சக்கரத்தில் கருகல் வாடையும் கையில் ஈரமுமாக நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டோமேடிக் வண்டியிலும் கியரைக் கீழே நிறுத்தி வைக்க வழி உண்டு. வாங்குகிற அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கூரைக் கேரியர் வேண்டவே வேண்டாம். சமவெளியில் பரவாயில்லை. மலை வளைவில் எடை உச்சியில் இருந்தால் வண்டி சாயும் விதமே வேறு.

பெட்ரோலா டீசலா? உங்களுக்குப் பெட்ரோல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது நிறைந்ததும் தானே சூடேறிக் கரியை எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் ஒரே சீராகக் கால் மணி, இருபது நிமிடமாவது ஓட வேண்டும். பள்ளிக்கூடம், காய்கறிச் சந்தை, கோரிப்பாளையம் சிக்னல் என்று தினமும் நான்கு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களின் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிவிட்டு வருகிறார்கள், செலவு பெரிதாகிவிடுகிறது. மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் பெரும்பகுதி நான்கு வழிச்சாலையில் ஓடுகிறவர் டீசல் எடுக்கலாம். அவருக்குக் கேரன்ஸ் 1.5 டீசல் அருமையான வண்டி.

சிஎன்ஜி என்கிற அழுத்திய இயற்கை எரிவாயுவில் ஓடும் எர்டிகாவுக்கு ஒரு கிலோவுக்கு 26 கிலோமீட்டர் என்று சான்று இருக்கிறது. வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். உங்களுக்கு வேண்டாம் என்பேன். 60 லிட்டர் கொள்ளளவுள்ள உருளை டிக்கியில் உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் வேகனைத் தேடி வந்ததே அந்த இடத்துக்காக. அதை ஓர் உருளைக்குக் கொடுத்துவிட்டுப் பொங்கல் பானையை மடியில் வைத்துக்கொண்டு போவதில் பொருளில்லை.

உங்கள் மனைவியும் ஓட்டுவார் என்றால், நகர நெரிசலை நினைத்து ஆட்டோமேடிக் எடுப்பது நல்லது. ஆனால் ஆட்டோமேடிக் என்ற ஒரே பெயரில் மூன்று விதமான கியர்பெட்டி விற்கிறார்கள். சாதாரணக் கியர்பெட்டியின் கிளட்சையும் கியரையும் மோட்டார் இயக்குவது ஏஎம்டி. டிரைபரில் இருப்பது அது. விலை குறைவு, பழுது பார்க்க எளிது, ஆனால் ஏற்றத்தில் பின்னுக்கு உருளும், கியர் மாறும்போது தலை ஆடும். இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி கேரன்ஸ் டர்போ பெட்ரோலில் வருகிறது. நெடுஞ்சாலையில் வெண்ணெய் போல இருக்கும். சித்திரை வெயிலில் சிம்மக்கல்லில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூடேறுகிற இயல்பு அதற்கு உண்டு. எர்டிகாவில் 2022 முதல் ஆறு கியர் உள்ள டார்க் கன்வெர்ட்டர்; கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இன்ஜினின் விசையைக் கடத்துவது. பழைய தொழில்நுட்பம், கொஞ்சம் மந்தம், ஆனால் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றினால் நீண்டநாள் உழைக்கும். நம் ஊர் வெயிலுக்கும் நெரிசலுக்கும் நான் நம்புவது இந்த மூன்றாவதைத்தான்.

நம்பகம் என்று நீங்கள் கேட்டதற்கு என் பொருளைச் சொல்கிறேன். பழுதே வராத வண்டி என்று எதுவும் இல்லை. பரமக்குடியில் ஞாயிற்றுக்கிழமை மாலை நின்றுபோனால் அங்கே இருக்கிற மெக்கானிக்குக்கு அதைத் திறந்து பார்க்கத் தெரிய வேண்டும். பாகம் மறுநாள் காலைக்குள் கைக்கு வர வேண்டும். இதைத்தான் நான் நம்பகம் என்பேன். எர்டிகா அந்தச் சோதனையில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது. இன்ஜினின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்க, காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான்; டர்போ இல்லை, உள்ளே சிக்கலான விஷயங்கள் குறைவு. டொயோட்டா ரூமியன் என்று விற்பதும் இதே வண்டிதான், எது சீக்கிரம் கிடைக்கிறதோ, எதன் சர்வீஸ் நிலையம் உங்களுக்குப் பக்கமோ அதை எடுங்கள்.

எர்டிகாவைப் பற்றி ஒரு குறையை மறைத்துவிட்டு ஆலோசனை சொல்ல எனக்கு மனம் ஒப்பாது. கார்களை மோதவிட்டு ஐந்து நட்சத்திரத்துக்கு மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு 2024-இல் நடத்திய சோதனையில், இந்தியாவில் செய்து ஆப்பிரிக்காவில் விற்ற எர்டிகா பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரே ஒரு நட்சத்திரம் பெற்றது. அந்த வண்டியில் இரண்டு ஏர்பேக். இங்கே 2025 நடுப்பகுதியிலிருந்து எல்லா ரகங்களிலும் ஆறு ஏர்பேக் வருகிறது, அது நல்ல மாற்றம். ஆனால் வண்டியின் இரும்புக் கூட்டின் பலத்தை ஏர்பேக் அதிகரிக்காது. கேரன்ஸ் 2022-இல் ஆறு ஏர்பேக்கோடு மூன்று நட்சத்திரம் பெற்றது. டிரைபர் 2021-இல் நான்கு பெற்றது. ஆனால் 2022 நடுவில் சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன, ஆகவே அந்த நான்கையும் இந்த ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியல்ல. ஹைகிராஸ் இந்தியாவின் சொந்தச் சோதனையான பாரத் என்கேப்பில் ஐந்து வாங்கியிருக்கிறது. 13 இலட்சத்தை 20-க்கும் மேலே நீட்டிக்க உங்களால் முடியும், கடன் சுமை உறுத்தாது என்றால், நட்சத்திரத்துக்காகவும் தாழ்ந்த தரைக்காகவும் ஹைகிராஸின் சாதாரணப் பெட்ரோல் வண்டியை எடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். முடியாது என்றால் எர்டிகாவை எடுத்துவிட்டு மூன்றாம் வரிசை உட்பட எல்லோருக்கும் பெல்ட், கோவில்பட்டிச் சாலையில் 90-க்கு மேல் போவதில்லை, இரவு பத்துக்கு மேல் அந்தச் சாலையில் ஏறுவதில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். சாத்தூர், விருதுநகர்ப் பக்கம் நான்கு வழிச்சாலையின் ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கிற லாரிகள் எத்தனை குடும்பங்களை முடித்திருக்கின்றன என்பதைச் சேதமான வண்டிகள் வழியாகவே அறிந்தவன் நான்.

அடுத்தது வீடும் தெருவும். திருநகரில் உங்கள் வீட்டு வாசல் கேட்டின் அகலத்தையும் உள்ளே இருக்கும் நீளத்தையும் நாடா பிடித்து அளந்துவிடுங்கள். எர்டிகா நீளம் 4,435 மில்லிமீட்டர், அகலம் 1,735. கேரன்ஸ் 4,540, 1,800. ஹைகிராஸ் 4,755, சுமார் 1,850. பின்கதவு மேலே திறக்க இன்னும் முக்கால் மீட்டர் வேண்டும். மாசி வீதிகளுக்குள் உறவினர் வீடு இருந்தால், இந்த நூறு மில்லிமீட்டர் வித்தியாசம் எதிரே ஆட்டோ வரும்போது தெரியும்.

வாகன வரியில் ஒன்று கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், விலை 5 முதல் 10 இலட்சம் வரை உள்ள வண்டிக்கு ஆயுள்கால வரி 13 சதவீதம், அதைத் தாண்டி 20 இலட்சம் வரை 18, அதற்கு மேல் 20. எல்லைக்கோட்டுக்கு அருகே உள்ள இரண்டு ரகங்களை ஒப்பிடும்போது ஷோரூம் விலையை வைத்துப் பேசாதீர்கள். சாலைக்கு வரும் மொத்த விலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உச்ச ரகத்தில் வருகிற பெரிய திரையும் பளபளப்புச் சக்கரமும் உங்களுக்கு எதையும் கூட்டப் போவதில்லை. பின் வரிசை ஏசி, பின்கண்ணாடித் துடைப்பான், மூன்றாம் வரிசையில் தோளோடு சேர்ந்த பெல்ட் ஆகியவை இருக்கிற நடு ரகம் போதும்.

பழைய இன்னோவா வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வண்டி தேடத் தொடங்கிய ஒரு வாரத்தில் யாராவது ஒருவர் அதைக் கொண்டுவந்து நிறுத்துவார். நல்ல இன்னோவா மூன்று இலட்சம் கிலோமீட்டர் சாதாரணமாக ஓடும், அது உண்மை. நம் பக்கம் விற்பனைக்கு வருவதில் கணிசமானவை வாடகைக்கு ஓடியவை என்பதும் உண்மை. மீட்டரில் 90,000 காட்டும். கிளட்ச் மிதியின் ரப்பரும் ஓட்டுநர் இருக்கையின் ஓரமும் மூன்று மடங்கு தேய்ந்திருக்கும். ரப்பரை நம்புங்கள். பழைய 2.5 லிட்டர் டீசலில் டைமிங் பெல்ட் இருக்கிறது. மாற்றிய பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்த மழையில் நின்ற வண்டிகள் துடைத்துக் கழுவப்பட்டு மதுரை வரை வந்தன. முன் இருக்கை பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியாத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு நிற்கும். இருக்கை ஓடுகிற தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்புக்கு அடியில் வண்டல், இவை இரண்டும் சாட்சி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்; 3122 என்றால் 2022-இன் 31-ஆம் வாரம். வண்டி 2022 மாடல், ஓடியது 30,000 என்று சொல்லிவிட்டு நான்கு டயரும் 2025-இல் செய்ததாக இருந்தால், அந்த 30,000 கிலோமீட்டரை ஒருமுறை கேள்வி கேளுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு நீங்கள் தனியாகப் போகாதீர்கள். ஷோரூம் இளைஞர் பைபாஸ் சாலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டவிட்டுத் திரும்பி வரச் சொல்வார். பணிவாக மறுத்துவிட்டு, ஆறு பேரும் ஏறிக்கொள்ளுங்கள். நீங்கள் கோயிலுக்குக் கொண்டுபோகிற பெரிய பானை, சாக்கு, மகனின் மடக்குச் சைக்கிள் எல்லாவற்றையும் எடுத்துப் போய் டிக்கியில் வைத்துப் பாருங்கள். அவர்கள் தவறாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை. வெள்ளையடிக்காத வேகத்தடை ஒன்றில் நிறைந்த வண்டியை ஏற்றுங்கள், அடி தட்டுகிறதா என்று கேட்கும். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறுகிற சாலை வரை அனுமதித்தால் மிகவும் நல்லது. இல்லாவிட்டால் ஏதாவது மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தி, மறுபடி கிளம்பிப் பாருங்கள். பகல் ஒரு மணிக்குப் போங்கள். வெயிலில் நின்ற வண்டியில் மூன்றாம் வரிசைக்குக் குளிர் வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று மகளை அங்கே உட்கார வைத்துக் கேளுங்கள், பிள்ளைகள் பொய் சொல்ல மாட்டார்கள்.

ஆக, என் தேர்வு: எர்டிகா பெட்ரோல், நடு ரகம், மனைவியும் ஓட்டுவார் என்றால் ஆட்டோமேடிக். எடுத்த அன்றே மூன்றாம் வரிசையை மடித்துவிட்டு வீட்டுக்கு ஓட்டி வாருங்கள். நிறைந்த வண்டிக்கான டயர் காற்றழுத்தம் வேறு. ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அட்டையில் அது தனியாக எழுதியிருக்கும். கொடைக்கானல் போகிற காலையில் அந்த எண்ணைப் பார்த்து அடியுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன்பு, அம்மா ஏறி உட்கார்ந்து இறங்கிப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். கையால் எதையாவது பிடிக்காமல் எழுந்தாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.